புரொப்பேன் பளுதூக்கி வண்டிக்கு எரிபொருள் மாற்றுதல்: விதிகளும் அவற்றின் காரணங்களும்

பெரிய கிடங்குகளிலும், துறைமுகச் சரக்குக் கொட்டகைகளிலும், தொழிற்சாலை முற்றங்களிலும் பொதிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் என்னும் பளுதூக்கி வண்டியைப் பலரும் கண்டிருப்பர். இவ்வண்டிகளுள் சில மின்கலத்தாலும், சில டீசல் எண்ணெயாலும், வேறு சில புரொப்பேன் அல்லது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த பெட்ரோலிய வாயுவாலும் இயங்குகின்றன. வாயுவால் இயங்கும் வண்டியின் பின்புறத்தில் ஓர் இரும்பு அல்லது அலுமினியச் சிலிண்டர் படுக்கை நிலையில் வைத்துப் பட்டைகளால் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். அதிலுள்ள வாயு தீர்ந்ததும் காலிச் சிலிண்டரை அகற்றி, நிறைந்த சிலிண்டரை அவ்விடத்தில் பொருத்துவர். பழகிய கைகளுக்கு இது சில நிமிஷ வேலை. அந்தச் சில நிமிஷங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

இவ்வேலைக்கான விதிகள் பல இடங்களில் பலகையில் எழுதித் தொங்கவிடப்பட்டுள்ளன. இயந்திரத்தை நிறுத்துக, புகை பிடிக்காதீர், கையுறை அணிக என்பன போன்ற அக்கட்டளைகள் யாவும் சரியானவையே. ஆயினும் காரணம் அறியாமல் மனப்பாடம் செய்த விதி, வேலை நெருக்கும்போது முதலில் கைவிடப்படுகிறது. காரணத்தை அறிந்தவனோ, பலகையில் எழுதப்படாத நிலைமை எதிர்ப்படும்போதும் சரியானதையே செய்வான். ஆகவே முதலில் வாயுவின் இயல்புகளை ஆராய்ந்து, பின்னர் விதிகளுக்கு வருவோம். தொழிலாளருக்குப் பயிற்சி அளிக்கும் களப்பணியாளருக்கும், இவ்விஷயத்தை வகுப்பில் விளக்க விரும்பும் ஆசிரியருக்கும் இம்முறை பயன்படும்.

முதல் இயல்பு: கொதிக்கக் காத்திருக்கும் திரவம்

தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. புரொப்பேனோ பூஜ்யத்திற்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்தை ஒட்டியது. ஆகையால் நம் நாட்டின் உஷ்ணநிலையில் திறந்த பாத்திரத்தில் புரொப்பேன் திரவமாக நிலைத்திராது. மூடிய சிலிண்டருள் அது திரவமாக இருப்பதற்குக் காரணம், தன் ஆவியின் அழுத்தமே அதனை அடக்கி வைத்திருப்பதுதான். 20 டிகிரியில் இவ்வழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தைப்போல் எட்டு மடங்கிற்குச் சற்று அதிகம். 40 டிகிரியில் ஏறத்தாழ பதின்மூன்றரை மடங்கு.

அடைபட்ட இத்திரவம் வெளிப்பட்டதும் சுற்றியுள்ள பொருள்களிலிருந்து உஷ்ணத்தைப் பறித்துக்கொண்டு கொதிக்கத் தொடங்குகிறது. ஸ்பிரிட்டைப் புறங்கையில் தடவினால் சில்லென்று உணர்கிறோம் அன்றோ? திரவம் ஆவியாகும்போது தோலின் சூட்டைக் கவர்ந்து செல்வதே அதன் காரணம். புரொப்பேன் திரவம் தோலிற்படின் இதே செயல் மிகக் கொடூரமாக நிகழும். தசை உறைந்து, தீப்புண்ணைப் போன்ற காயம் உண்டாகும். கண்ணிற்பட்டால் பார்வைக்கே கேடு நேரலாம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிய வேண்டும் என்னும் விதி, நெருப்பை முன்னிட்டு மட்டும் ஏற்பட்டதன்று; குளிரை முன்னிட்டும் ஏற்பட்டது என்பதைத் தொழிலாளருக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. ஒரு லிட்டர் புரொப்பேன் திரவம் ஆவியானால் சுமார் 270 லிட்டர் வாயுவாகப் பெருகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கிற்குச் சற்று மேற்பட்ட அளவு புரொப்பேன் கலந்தாலே அக்கலவை தீப்பற்றும். ஒன்பதரைப் பங்கு வரையில் அத்தன்மை நீடிக்கும். கணக்கிட்டுப் பார்ப்போமாயின், ஒரே லிட்டர் திரவம் காற்றுடன் சீராகக் கலந்து 12 கன மீட்டருக்கும் அதிகமான இடத்தை, அதாவது ஒரு சிறிய அறை முழுவதையும், எரியக்கூடிய கலவையால் நிரப்பவல்லது என்பது விளங்கும். ‘சிறிதளவுதானே கசிகிறது’ என்னும் சொல் எவ்வளவு தவறானது என்பதை இக்கணக்கே காட்டும்.

இரண்டாம் இயல்பு: தரையோடு தவழும் வாயு

காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29, புரொப்பேனுடையது 44. எனவே புரொப்பேன் ஆவி காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் அதனினும் கனமானது. வெளிப்பட்ட வாயு மேலெழுந்து கலைந்துவிடும் என்று எண்ணுவது பிழை. அது தண்ணீரைப்போல் தாழ்ந்த இடத்தை நாடிச் செல்லும். பழுது பார்க்கும் குழி, சாக்கடை வாய், நிலவறைப் படிக்கட்டு, லிஃப்ட் இறங்கும் பள்ளம் ஆகியவற்றில் தேங்கி நிற்கும். கண்ணுக்குப் புலப்படாமல் தவழ்ந்து சென்று, தூரத்திலுள்ள ஓர் அடுப்பையோ மின்சுவிட்சின் பொறியையோ எட்டினால், தீயானது வந்த வழியே கசிவிடம் வரை திரும்பி ஓடிவரும்.

இதனை வகுப்பில் சிறிதும் அபாயமின்றி விளக்கலாம். கரியமில வாயுவின் மூலக்கூறு எடையும் 44 என்பது ஆசிரியருக்குக் கிடைத்த ஒரு வசதி. ஓர் அட்டையை நீளவாட்டில் மடித்து வாய்க்காலைப்போல் செய்து, சாய்வாக வைத்து, அதன் கீழ்முனையருகே கட்டை மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைக்க வேண்டும். ஒரு ஜாடியில் சமையல் சோடாவின்மேல் புளிக்காடியை ஊற்றினால் நுரைத்துக் கரியமில வாயு உண்டாகும். நுரை அடங்கியபின், திரவம் சிந்தாதபடி ஜாடியை மெல்லச் சாய்த்து, அவ்வாயுவை மட்டும் வாய்க்காலின் மேல்முனையில் ஊற்றினால், சிறிது நேரத்தில் கீழேயுள்ள சுடர் அணைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று வாய்க்கால் வழியே ஓடி வந்ததை மாணவர் நேரிற் கண்டுகொள்வர். புரொப்பேனும் இவ்வாறே ஓடும். ஆனால் அது சுடரை அணைக்காது, அதனாலேயே பற்றிக்கொள்ளும் என்று ஆசிரியர் எடுத்துரைக்கலாம். எரிவாயுவைக் கொண்டு இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

புரொப்பேனுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவை மூக்கு அறியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருள் அதிற் சேர்க்கப்படுகிறது. தீப்பற்றுதற்குரிய குறைந்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றிற் கலந்திருக்கும்போதே நாற்றம் தெரியவேண்டும் என்பது நியதி. எனினும், ஒரே நாற்றத்தை நெடுநேரம் முகர்ந்த மூக்கு அதனை உணராமற் போவதுண்டு. தடிமன் பிடித்தவர்க்கும் முதியோர்க்கும் முகரும் திறன் குறைவு. ஆகவே நாற்றம் இருப்பது ஆபத்துக்கு அடையாளம். நாற்றம் தெரியாதிருப்பது பாதுகாப்புக்குச் சான்றன்று.

மூன்றாம் இயல்பு: வெயிலில் பருக்கும் திரவம்

உஷ்ணத்தால் திரவங்கள் விரியும். தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை சூடேற்றினால் அதன் பருமன் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவே கூடும். அதே மாறுதலுக்குப் புரொப்பேன் திரவம் நூற்றுக்குப் பதினாறு, பதினேழு பங்கு விரியும். சிலிண்டரில் எண்பது சதவீதத்திற்குமேல் திரவம் நிரப்பலாகாது என்னும் விதியின் வேர் இதுவே. 20 டிகிரியில் எண்பது சதவீதம் நிறைந்த சிலிண்டர், 60 டிகிரி வரை சூடேறினாலும், திரவம் ஏறத்தாழ 93 சதவீதம் வரையே உயரும். மேலே ஆவிக்கு இடம் இருக்கும். பேராசையால் 95 சதவீதம் நிரப்பப்பட்ட சிலிண்டரோ 40 டிகிரியிலேயே முற்றிலும் திரவத்தால் நிறைந்துவிடும். நம் நாட்டுக் கோடைக்கு அது அரிய உஷ்ணநிலையன்று. ஆவியைப்போல் திரவம் அமுங்கிக் கொடாது. அதன்பின் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் மிக வேகமாக ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து, திரவமே வெளியே பீறிடும்.

வீட்டு உபயோகத்திற்கு வரும் 14.2 கிலோகிராம் சிலிண்டரும் இவ்விதிக்கு உட்பட்டதே. அதன் உள்ளளவு 33.3 லிட்டர். அதிலுள்ள திரவம் ஏறத்தாழ 26 லிட்டர் இடத்தையே அடைக்கிறது. எஞ்சிய இடம் ஆவிக்கென விடப்பட்டது. ‘சிலிண்டர் நிறையவில்லை’ என்று குறைகூறுவோருக்கு இக்கணக்கைக் காட்டலாம்.

சிலிண்டரைப் படுக்க வைக்கும் முறை

சமையலறைச் சிலிண்டர் நிமிர்ந்து நின்று, மேலிருந்து ஆவியைத் தருவதற்காக அமைந்தது. பளுதூக்கி வண்டியின் சிலிண்டர் பெரும்பாலும் படுத்த நிலையில் திரவத்தைத் தருவதற்காக அமைந்தது. அத்திரவம் குழாய் வழியே ஆவியாக்கிக்குச் சென்று, அங்கே இயந்திரத்தின் சுடுநீரால் வாயுவாக்கப்பட்டு, அழுத்தம் குறைந்து, காற்றுடன் கலந்து இயந்திரத்துட் புகுகிறது. சிலிண்டருள் இரு முக்கியக் குழாய்கள் உள்ளன. திரவத்தை எடுக்கும் குழாய் வளைந்து அடிப்பக்கத்தை நோக்கியிருக்கும். பாதுகாப்பு வால்வுக்குரிய வழி மேற்பக்கத்து ஆவியிடத்தை நோக்கியிருக்கும். சிலிண்டர் சரியான வாட்டத்திற் படுத்திருந்தால்தான் இவையிரண்டும் தத்தம் இடத்தில் அமையும். இதற்காகவே வண்டியின் தாங்கியில் ஒரு முளையும், சிலிண்டரின் கழுத்து வளையத்தில் அதற்கேற்ற துளையும் வைத்திருக்கிறார்கள். முளை துளையிற் பொருந்தாமல் சிலிண்டரை உருட்டி வைத்துப் பட்டையை இறுக்கினால், பாதுகாப்பு வால்வு திரவத்துள் மூழ்கியிருக்கும். அது திறக்க நேரின் ஆவிக்குப் பதிலாகத் திரவம் வெளிப்படும். முன்னர்க் கூறிய 270 மடங்குக் கணக்கை இங்கு நினைவிற் கொள்க.

வீட்டுச் சிலிண்டரை வண்டியிற் பொருத்துவதும், ஒரு சிலிண்டரிலிருந்து மற்றொன்றுக்கு ரப்பர்க் குழாய் மூலம் வாயுவை மாற்றுவதும் ஏன் குற்றமாகக் கருதப்படுகின்றன என்பதும் இப்போது விளங்கும். இவற்றை 2000ஆம் ஆண்டின் பெட்ரோலிய வாயு விநியோக ஒழுங்குமுறை ஆணையும், 2016ஆம் ஆண்டின் வாயுச் சிலிண்டர் விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. சிலிண்டர் விதிகளை நிறைவேற்றும் பொறுப்பு, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பைச் சார்ந்தது. உரிமம் பெற்ற இடத்தில், பயிற்சி பெற்றவரே நிரப்புதல் வேண்டும். எடையிட்டோ, எண்பது சதவீத மட்டத்தைக் காட்டும் சிறு வால்வின் துணைகொண்டோ அளவறிந்து நிரப்புவர். அவ்வால்வில் வெண்பனி போன்ற திரவத்தாரை தோன்றியதும் நிரப்புதலை நிறுத்திவிட வேண்டும். இன்னும் சிறிது கொள்ளும் என்று பார்ப்பது கூடாது.

மாற்றும் முறை

இனி, கிடங்கில் அன்றாடம் நிகழும் சிலிண்டர் மாற்றும் வேலையை வரிசையாகக் காண்போம்.

1. வண்டியைக் காற்றோட்டமுள்ள திறந்தவெளிக்குக் கொண்டுவருக. அருகில் குழியோ, சாக்கடை வாயோ, நிலவறைப் படிக்கட்டோ, வெல்டிங் வேலையோ, மின்கலம் ஏற்றும் இடமோ, புகைப்பவரோ இருத்தலாகாது. கைப்பேசியை அணைத்து அப்பால் வைக்க.

2. தூக்குக் கரங்களைத் தரையில் இறக்கி, கை பிரேக்கை இடுக. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் வால்வை மூடுக. குழாயில் எஞ்சியுள்ள வாயு எரிந்து தீர்ந்ததும் இயந்திரம் தானே நின்றுவிடும். அதன்பின் சாவியை அணைத்துவிடுக. இயந்திரத்தை முதலில் நிறுத்திப் பின்னர் வால்வை மூடினால், குழாயில் திரவம் அடைபட்டிருக்கும். இணைப்பைக் கழற்றும்போது அது கையிற் பீறிடும்.

3. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, இணைப்பை மெல்லக் கழற்றுக. முதற் சுற்றில் சிறு சீறல் கேட்டு உடனே அடங்குவது இயல்பு. சீறல் அடங்காவிடில் வால்வு உள்ளே அடைபடவில்லை என்று பொருள். இணைப்பை மீண்டும் இறுக்கி, வேலையை நிறுத்தி, பொறுப்பாளருக்குத் தெரிவிக்க.

4. காலிச் சிலிண்டரைப் பட்டையவிழ்த்து இறக்குக. ‘காலி’ எனப்படுவதிலும் ஆவி நிறைந்தே இருக்கும். ஆகவே அதன் வால்வையும் மூடி, நிறைந்த சிலிண்டருக்குரிய மரியாதையுடன் உரிய இடத்தில் வைக்க.

5. புதிய சிலிண்டரில் நசுங்கல், ஆழ்ந்த துரு, வால்வுச் சேதம் உண்டா என்றும், சோதனைத் தேதி கடந்துவிட்டதா என்றும் பார்க்க. இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் வெடித்தோ தேய்ந்தோ இருந்தால் மாற்றுக. நிறைந்த சிலிண்டர் பளுவானது. தூக்குவதற்குத் துணையாளைக் கூப்பிடத் தயங்க வேண்டா.

6. முளை துளையிற் பொருந்துமாறு படுக்க வைத்துப் பட்டைகளை இறுக்குக. இணைப்பைக் கையாலேயே முடுக்குக. ஸ்பானர் கொண்டு முறுக்கினால் மரையும் வளையமும் கெடும்.

7. வால்வை மெதுவாகத் திறக்க. திடீரென்று திறந்தால், குழாய் அறுந்த காலத்தில் வாயுவைத் தடுப்பதற்கென அமைந்த மிகையோட்ட வால்வு தானே மூடிக்கொள்ளும், இயந்திரம் கிளம்பாது. பின்னர் இணைப்பின்மீது சோப்பு நீரைத் தடவிப் பார்க்க. குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதனை அன்றே ஒழித்தல் வேண்டும்.

ஒரு துன்ப நிகழ்ச்சி தரும் பாடம்

மூன்றாவது விதியிற் கூறிய ‘அடங்காத சீறல்’ அற்ப விஷயமன்று. அமெரிக்க நாட்டின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கெண்ட் என்னும் சிற்றூரில் 2007ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் நிகழ்ந்த விபத்து இதற்குச் சான்று. அங்கே ஒரு கடையின் பின்சுவரை ஒட்டி வைக்கப்பட்டிருந்த பழைய புரொப்பேன் தொட்டியிலிருந்து புதிய தொட்டிக்குத் திரவத்தை மாற்றும் ஏற்பாடு நடந்தது. வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த, முறையான பயிற்சி பெறாத இளம் தொழிலாளி ஒருவர் தனியே இருந்தபோது, திரவம் எடுக்கும் வால்வின் மூடியைக் கழற்றினார். உள்ளே வால்வு பழுதுற்றுத் திறந்தவாறே இருந்தது. திரவம் மேல்நோக்கிப் பீறிட்டது. வாயு கடைக்குள் புகுந்தது. ஏறத்தாழ அரைமணி நேரம் இவ்வாறு கழிந்தது. கடை மூடப்பட்டதே தவிர, உள்ளிருந்த ஊழியர் வெளியேற்றப்படவில்லை. பின்னர் வெடிப்பு நிகழ்ந்து நால்வர் மாண்டனர்; அவ்விளைஞரும் அவருள் ஒருவர்.

இவ்விபத்தை ஆராய்ந்த அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையை 2008இல் வெளியிட்டது. அத்தகைய வால்வில், உட்புறம் அடைபடாதிருப்பதை முன்கூட்டியே அறிவிக்கும் சிறு துளை ஒன்று உண்டு. மூடியைச் சிறிது தளர்த்தியதும் அத்துளை வழியே வாயு வந்து, நிற்காமல் தொடர்ந்தால், மேலும் கழற்றாமல் மீண்டும் முடுக்கிவிட வேண்டும் என்பது அதன் பொருள். அடையாளம் இருந்தது, அதனைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் இல்லை. அவ்விளைஞர் பலகையிலுள்ள எந்த விதியையும் வேண்டுமென்றே மீறினார் என்று சொல்வதற்கில்லை. அறியாமையிற் கைவைத்தார், அவ்வறியாமைக்கு அவர் மட்டுமே பொறுப்பாளியல்லர்.

கசிவு நேர்ந்தால்

இயலுமாயின் வால்வை மூடுக. இயலாவிடில் அங்கேயே போராடிக்கொண்டிராமல் அனைவரையும் காற்று வரும் திசையில், மேட்டுப் பக்கமாக வெளியேற்றுக. அண்டைக் கட்டடத்தினுள் இருப்போரும் வெளியேற வேண்டும். கதவை மூடிக்கொண்டு உள்ளே இருப்பது காப்பாகாது. எந்த மின்சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். வண்டிகளைக் கிளப்பலாகாது. எட்டச் சென்றபின் தீயணைப்புப் படைக்குச் செய்தி அனுப்புக. வாயு தீப்பற்றி எரிந்தால், அதன் வரவை அடைக்க முடிந்தாலன்றிச் சுடரை அணைக்க முயலலாகாது. சுடர் அணைந்தும் வாயு தொடர்ந்து வந்தால், அது பரவித் தேங்கிப் பின்னர் வெடிக்கும். எரியும் சுடரினும் அது கொடியது. சுடரால் சூடேறும் சிலிண்டரும் வெடிக்கக்கூடும் ஆதலால், அதனை நீரால் குளிர்விக்கும் பணியைப் பயிற்சி பெற்ற தீயணைப்பாளரிடம் விட்டு விலகியிருப்பதே அறிவுடைமை.

மேற்கூறிய விதிகள் யாவும் மூன்றே இயல்புகளிற் பிறந்தவை என்பதை வாசகர் கண்டிருப்பர். திரவம் கொதிக்கத் துடிக்கிறது. ஆகவே கையுறையும், குழாயை வெறுமையாக்குதலும். வாயு தரையோடு தவழ்கிறது. ஆகவே திறந்தவெளியும், பள்ளங்களை விலக்குதலும். திரவம் உஷ்ணத்தால் பருக்கிறது. ஆகவே எண்பது சதவீதமும், முளையும் துளையும். புதிதாக வேலைக்கு வரும் ஒருவர் இம்மூன்றையும் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லும் வரையில் அவரைச் சிலிண்டரின் அருகே தனியே விடுவதில்லை என்று ஒவ்வொரு கிடங்கும் உறுதிகொள்ளுமாயின், அரை மணி நேரப் பாடம் பல உயிர்களைக் காக்கும்.